மூன்று மண்டையோடுகளுடன் தெரணியகலைக்கு

2008ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்குக் கொழும்பில் பஸ் ஏறியபோது என் மடியிலிருந்த பையில் மூன்று மண்டையோடுகள் இருந்தன. குரங்கு ஒன்று, சிம்பன்சி ஒன்று, மனிதன் ஒன்று. பயப்படாதீர்கள், மூன்றும் நானே பிளாஸ்டரில் வார்த்தவை. தெரணியகலைக்கு மேலே தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர் செல்வராஜ், இவற்றைக் கொண்டுவந்து ஒரு பாடம் நடத்தும்படி கேட்டிருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில் தாவும் குரங்குகள்தான் வால் உதிர்ந்து மனிதராயின என்று அவருடைய மாணவர்கள் பரீட்சையில் எழுதிவிட்டார்களாம்.

நான் மட்டக்களப்பான். என் அடையாள அட்டையும் அதைத்தான் சொல்லும். அந்தப் போர் நாட்களில் கிழக்குத் தமிழனின் அட்டையைக் கண்டாலே சோதனைச் சாவடியில் சந்தேகப்படுவார்கள். என் சிங்களமோ கடையில் பருப்பு வாங்க மட்டுமே போதும்.

எட்டு மணி பத்து நிமிடம், அவிசாவளை. பஸ் மாறினேன். பக்கத்து இருக்கையில் பாக்கியம் என்ற தோட்டத் தொழிலாளி. அவருடைய மகள் சுமதி செல்வராஜின் வகுப்பில்தான் படிக்கிறாள். பைக்குள் என்ன என்று கேட்டார். சிம்பன்சியைக் காட்டினேன். "எங்க கங்காணி மாதிரியே இருக்குங்க சேர்" என்றார். சிரித்தோம். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பதரை. வீதிச் சோதனை. எல்லோரையும் இறக்கினார்கள். ஓர் இளம் சிப்பாய் என் பையைத் திறந்து குரங்கை எடுத்தார், சிம்பன்சியை எடுத்தார், பிறகு மனிதனை எடுத்தார். வாய் திறந்து மூட வேண்டுமென்று அதன் தாடைக்குள் நான் ஸ்பிரிங்கும் வயரும் பூட்டியிருந்தேன். போர் நடக்கும் நாட்டில் வயர் வைத்த தலையோடு பஸ் ஏறிய மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வயரைக் கண்டதும் அவர் பின்னால் நகர்ந்தார். இன்னொருவர் துப்பாக்கியை உயர்த்தினார்.

மற்றவர்களை பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். பாக்கியம் ஏறவில்லை. இது யாருடைய தலை என்று சிப்பாய் கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் பறந்துவிட்டது. பாக்கியம்தான் சரளமாகப் பேசினார். தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த வந்தவர் என்றார். அப்படியானால் இங்கேயே நடத்தட்டும் என்றார் சிப்பாய்.

நடுரோட்டில் நடத்தினேன். குரங்குக்கு வால் உண்டு, மூளைக்கு இடம் குறைவு. சிம்பன்சி வாலில்லாத இனம், அதன் மூளை பெரியது. நம்முடையது அதைவிடப் பெரியது. பாக்கியம் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னார். அப்படியென்றால் நாம் இதிலிருந்தா வந்தோம் என்று சிப்பாய் சிம்பன்சியைக் காட்டினார்.

"இல்லை. அது நமக்குப் பாட்டன் இல்லை. வெகுகாலத்துக்கு முன் நமக்கும் அதுக்கும் ஒரே மூதாதை. பிறகு வழி பிரிந்துவிட்டது. குரங்கின் வழி அதுக்கும் முன்பே பிரிந்தது" என்றேன்.

"சித்தப்பா பெரியப்பா புள்ளைங்க மாதிரின்னு சொல்லிட்டேங்க" என்றார் பாக்கியம்.

சிப்பாய் என் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மிருகங்கள் இரண்டையும் கொண்டு போகலாம், மனிதன் இங்கே இருக்கட்டும், திரும்பும்போது கேள் என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் பாக்கியம் தண்ணீர் போத்தலை நீட்டினார். பாதியை என் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

பதினொன்றுக்கு சனிக்கிழமை விசேட வகுப்பு. முன்வரிசையில் சுமதி. மூன்றாவது எங்கே என்று கேட்டாள். வேறு வழியின்றி அவள் முன் தலையைக் குனிந்து, தொட்டுப் பார், மூளை இருக்கும் இடம் எவ்வளவு பெரிது என்றேன். உள்ளங்கையை வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள்.

"சேர், இது நடுங்குதுங்க."

மாலை நான்கரைக்கு, திரும்பும் பஸ் அதே இடத்தில் நின்றது, மறுபடி எல்லோரையும் இறக்கினார்கள். என் மண்டையோடு மணல் மூட்டை மேல் வீதியைப் பார்த்தபடி இருந்தது. தாடையில் வயர் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கழுத்தின் மேல் இருப்பது வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று, அந்த மண்டையோட்டைத் தெரியாதவன் போலக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.