முகம் வரையாத இடையர்கள்

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் தமிழ்ச் சனம் கட்டும் பாலன் யேசுவின் குடிலுக்குப் பின்திரை வரைவது என் வேலை. யாரும் என்னைக் கேட்பதில்லை. பெரிய வெள்ளைத் துணியொன்றை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

போன வருடம் காடு வரைந்தேன். சில்க்போர்க் போகும் வழியில் பார்க்கிற பீச் மரக் காடு, ஓரத்தில் ஐந்து மாடுகள், நடுவில் இரண்டு இடையர்கள். மரங்கள் கஷ்டம் தரவில்லை. கை நடுங்கினால் இலைகள் இன்னும் நன்றாக வந்தன. அந்த நடுக்கத்துக்கு வைத்தியர் ஒக்டோபரிலேயே ஒரு பெயர் சொல்லியிருந்தார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

மாடுகளின் கால்கள் கோணின. புல்லை வரைந்து மூடினேன். இடையர்களின் முகத்தை எதால் மூடுவது? வரையாமல் வெறுமையாக விட்டுவிட்டேன்.

குடில் கட்டும் சனிக்கிழமை மண்டபத்தில் திரையைத் தூக்கிக் கட்டினோம். விழாக் குழுத் தலைவர் தள்ளி நின்று பார்த்தார்.

“என்ன அண்ணை, டென்மார்க் மாட்டுக்குத் திமில் வைச்சிருக்கிறீங்கள்?”

மண்டபமே சிரித்தது. ஐந்துக்கும் வைத்திருந்தேன்! முப்பது வருடமாக இந்த நாட்டு மாடுகளைப் பார்க்கிறவன் நான். கை தன்பாட்டுக்கு ஊர் மாட்டைக் கீறியிருக்கிறது. நானும் சிரித்தேன். கால்களை யாரும் கவனிக்கவில்லை என்ற நிம்மதி எனக்கு.

“முகம் எப்ப கீறப்போறீங்கள்? பின்னேரம் ஃபாதர் வாறார்,” என்றார் தலைவர்.

“இந்தா, இப்ப கீறுறன்.”

ஏணியில் ஏறினேன். தூரிகை பட்டதும் முதல் இடையனின் நெற்றியில் கோணல் கோடு விழுந்தது. துடைத்தேன். மறுபடியும் விழுந்தது. ஒரு கையை மற்றக் கையால் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து ஆடின. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மகள், எத்தனை நாளாக இது என்று டெனிஷில் கேட்டாள். அவள் மருத்துவமனையில் தாதி. என் சுத்துமாத்து அவளிடம் செல்லாது.

“குளிர், பிள்ளை,” என்றேன்.

அவள் என்னை இறக்கிவிட்டுத் தூரிகையோடு ஏறினாள். ஒரு நாளும் படம் வரையாதவள். கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. பாலர் வகுப்புப் பிள்ளை கீறியது போலத்தான் இருந்தது. ஆனாலும் கோடு ஆடவில்லை. எனக்குப் பொறாமை வந்தது. பெற்ற பிள்ளை மீது பொறாமை. வெட்கமாகவும் இருந்தது.

“அடுத்த வருசம் இதைவிடப் பெரிசாக் கீறவேணும் அண்ணை,” என்றார் தலைவர்.

“ஓம்,” என்றேன்.

வீட்டுக்குப் போகக் குளிர்கோட்டை அணிந்தேன். பொத்தான் துளைக்குள் போகவில்லை. மகள் எனக்கு முன்னால் வந்து நின்று, கழுத்திலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அத்தனை சனமும் பார்த்தது. நான் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன்.