புல்லுச் சுவர் பள்ளிக்கூடம்

லார்க்ஃபீல்டில் ஆர்லிஸ் டோலஃப்சனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊர்ப் பள்ளிகளையெல்லாம் நடத்துகிற நிர்வாகத்தின் புல் வெட்டும் வண்டி அவளிடம்தான் இருக்கிறது. விளையாட்டு மைதானம், பஸ் நிற்கும் வளைவு, கொடிக்கம்பத்தைச் சுற்றிய வட்டம் எல்லாம் அவள் கை பட்டவை. ஆனால் ஊர் அவளைக் கேலி பேசுவதென்றால் வடக்கு வயலை வைத்துத்தான் பேசும்.

அந்த வயலில் ஒரு பலகை உண்டு. ‘ஆரம்பப் பள்ளி இங்கே வருகிறது’ என்று எழுதியிருக்கும். ஆர்லிஸின் மகள் சிக்னே பாலர் வகுப்பில் சேர்ந்த வருஷம் நட்டது. ஊர் பெருத்துக்கொண்டே போகிறது, பிள்ளைகளை வைக்க இடமில்லை என்று திட்டம் போட்டார்கள். சர்வேக்காரர்கள் வந்து சுவர் எங்கே, வாசல் எங்கே என்று குச்சி நட்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். குச்சியில் வண்டியை இடித்துவிடாதே என்று அப்போதைய மேலாளர் ஆர்லிஸிடம் சொல்லிவைத்தார். அந்த வருஷமே வீடு கட்டும் கம்பெனிகள் கையை விரித்தன, ஊர் வளர்வது நின்றது, பள்ளிக்கூடமும் நின்றுபோனது. மேலாளர் ஓய்வு பெற்று, ஆளும் போய்ச்சேர்ந்துவிட்டார். இனி இடித்தால் பரவாயில்லை என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள், கேட்டால் இடிக்கச் சொல்லிவிடுவார்களே!

குச்சிகள் மக்கின, ரிப்பன் பறந்து போனது. ஆனால் அவற்றைச் சுற்றி அவள் வெட்டாமல் விட்ட புல் இடுப்பளவு வளர்ந்து சுவராக நின்றது. நடுவில் அகலமான நடை, இரண்டு பக்கமும் வகுப்பறைகள், மேற்கே சாப்பாட்டுக் கூடம். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி. அறைகளுக்குள் மட்டும் வண்டியை ஓட்டி வழவழவென்று வைத்திருந்தாள். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிளாஸ்க் காப்பியோடு முந்தின நாள் ஹாட்டிஷை, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட பதார்த்தத்தை, சாப்பிடுவாள். மூடுபனி இறங்கும் காலை நேரங்களில் நடைக்குள் நின்றால் உள்ளே பிள்ளைகள் மேஜையை இழுக்கிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். குளிர்காலத்தில் பனிக்கு மேலே காய்ந்த புல் நுனிகள் மட்டும் தலைநீட்டும், அப்போதும் பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கும். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் சுவரைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. எங்கே போவதானாலும் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் போவாள். பைத்தியம் என்று சொல்லுங்கள், போகட்டும். பக்கத்திலேயே பள்ளி வரும் என்று நம்பி அந்த வயலோரம் வீடு வாங்கியவள் அவள். அவளுடைய குழந்தை அஞ்சு வயசில் இருட்டோடு இருட்டாக எழுந்து பஸ் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போனதை அவள் மறக்கவே இல்லை.

சிக்னே இப்போது அதே பழைய பள்ளியில் டீச்சர். இடமில்லாததால் பின்பக்கம் தகரத்தில் செய்து கொண்டுவந்து வைத்த அறையில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறாள். மழை பெய்தால் பாடம் நிற்கும், அவ்வளவு சத்தம்.

ஊர் மறுபடி வளர்ந்தது, திட்டமும் தூசி தட்டி எழுந்தது. நவம்பர் ஓட்டில் ஜனங்களிடம் இரண்டு கேள்வி கேட்பதென்று நிர்வாகம் முடிவு செய்தது. டீச்சர்கள் சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் வரியைக் கூட்டலாமா என்பது முதல் கேள்வி. வடக்கு வயலில் பள்ளி கட்டக் கடன் வாங்கலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்வி தோற்றால் டீச்சர்களைக் குறைக்க வேண்டிவரும், கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் போவார்கள் என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. கடைசியாகச் சேர்ந்தவர்களில் சிக்னே ஒருத்தி.

முதல் கேள்வியைப் பற்றி ஆர்லிஸ் கவலைப்படவே இல்லை. அது காலங்காலமாக ஜெயிக்கிற கேள்வி. டீச்சருக்குச் சம்பளம் வேண்டாம் என்று எந்த மனுஷன் சொல்வான்? அவள் பயமெல்லாம் வயலுக்குத்தான். இலையுதிர்காலம் முழுக்க ருபார்ப் கேக் துண்டுகளை டப்பாவில் அடைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

வேலியடுத்த வீட்டு மெர்லின் ஆபர்க்தான் பெரிய முரண்டு. பிள்ளைகள் வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்கள், மனுஷனுக்கு மிஞ்சியது வரி ரசீதும் வாயும்தான்.

"மாநிலப் பரீட்சையில பசங்க மார்க் கீழ போகுது, வரி மட்டும் மேல போகுது. உன் புல்லுப் பள்ளிக்கூடமே போதும் ஆர்லிஸ், அதுல ஒருத்தனும் ஃபெயில் ஆகறதில்ல" என்றார் கேக்கைக் கடித்துக்கொண்டே.

ஆர்லிஸுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டுக்கும் மனசு வரலேன்னா விடுங்க மெர்லின். அந்த ரெண்டாவதுக்காவது ஆமான்னு போடுங்க. எனக்காக."

நன்றாக இருக்கிறதே என்று அவளுக்கே பட்டது. அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள், அதற்கடுத்த வீட்டிலும். பேரம் படிந்தது. முகத்தைச் சுளித்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். அன்றிரவு அவள் கனவில் புல்லுச் சுவர்கள் செங்கல்லாகி, நடைக்குக் கூரை முளைத்தது.

ஓட்டுக்கு மறுநாள் காலை முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. வயல் பள்ளி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. முதல் கேள்வி தோற்றுவிட்டது. ஆனை வாங்கப் பணம் உண்டாம், அங்குசம் வாங்க இல்லையாம்!

மெர்லின் வேலியோரம் வந்து, குளிரில் சிவந்த மூக்கோடு சந்தோஷமாகக் கையசைத்தார். "நீ கேட்டபடியே ரெண்டாவதுக்கு மட்டும் ஆமான்னு போட்டுட்டேன். எங்க தெருவே அப்படித்தான் போட்டுது." நல்ல மனுஷன், அவர் என்ன செய்வார். ஆர்லிஸ் நன்றி சொன்னாள்.

மத்தியானத்துக்கு மேல், ஆர்லிஸ் புல்லுச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது, சிக்னே வயலுக்கு வந்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டு, இந்தப் பள்ளி வருஷம் முடிந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டாளாம். சொன்னவளே அழுதாளாம். அதை ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி சொல்லிவிட்டு, சிக்னே நடை வழியே மெதுவாக நடந்தாள். பனி புல் நுனியில் உட்கார்ந்திருந்தது.

"என் ரூம் எதும்மா?"

"இடது பக்கம் ரெண்டாவது. காலை வெயில் வரும்." இது அவள் எப்போதோ முடிவு செய்து வைத்தது.

சிக்னே வாசல் வழியாக உள்ளே போய், நடுவில் நின்றாள். கரும்பலகை இருக்க வேண்டிய பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆர்லிஸ் சாப்பாட்டுக் கூடத்திலேயே நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று சுவர்.

"நான்தான் சொன்னேன் சிக்னே. ரெண்டாவதுக்காவது போடுங்கன்னு ஊரெல்லாம் நான்தான் சொன்னேன்."

"தெரியும்மா. நேத்து ஓட்டுச் சாவடி வாசல்ல மெர்லின் என்கிட்டயே சொன்னாரு. உங்கம்மா சொன்னபடி போட்டாச்சுன்னு." சிரிக்கத்தான் பார்த்தாள் பெண். சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது. "ரூம் நல்லாருக்கும்மா. நெசமாவே நல்லாருக்கு."

அவள் தோள்கள் குலுங்குவது பனிக்குள் தெரிந்தது. கூடத்தின் வாசல் மேற்குக் கோடியில் இருந்தது. அங்கே போய்ச் சுற்றிக்கொண்டு, நடை முழுக்க நடந்துதான் இரண்டாவது அறைக்கு வர வேண்டும். ஆர்லிஸ் வாசல் பக்கம் போகவில்லை. இத்தனை வருஷம் காத்து வளர்த்த புல்லை இரண்டு கையாலும் விலக்கி, காலால் மிதித்துக்கொண்டு, சுவர் சுவராகத் தாண்டி நேராக மகளிடம் போனாள்.