நான் கொடுத்த ஒற்றை நட்சத்திரம்

போன வருடம் புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை, கடலூர் முதுநகரில் நடந்தது இது. நான் சிதம்பரத்துக்காரி. முதுநகரில் ஓர் அலுவலகத்தில் வேலை. பல வருடமாகக் காலையில் ரயில், மாலையில் ரயில். அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் சாப்பாட்டுப் பையை மேல்தட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். என் தயிர்சாதம் தனியாக விழுப்புரம் போய்ச் சேர்ந்தது.

மதிய இடைவேளை நாற்பது நிமிடம்தான். என்ன செய்வது என்று யோசித்தபோது, இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்திருந்த இத்தாலியன் கஃபே ஞாபகம் வந்தது. பேர்தான் பெரிசு. பழைய அரிசி மண்டி இருந்த இடத்தில் எட்டு மேசை போட்டிருந்தார்கள். வார நாட்களில் மதியம் மட்டும்தான் கடை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் பெரிய சட்டிகளில் மூன்று நான்கு வகை பாஸ்தா இருக்கும். கையைக் காட்டினால் போட்டுத் தருவார்கள். பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடலாம். ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிற கடை. அவர் பயணிகள் கப்பலில் பல வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அடுப்படி அவருடையது, முன்னால் நின்று பரிமாறுவது மனைவி.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் செல்போனில் நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதிவிடுகிற ஆள் நான். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, தோசை ஓரம் கருகல், சர்வர் முகத்தில் சிரிப்பில்லை, எதையும் விட மாட்டேன். எங்கள் ரயிலில் தினமும் போய் வருகிற சீசன் டிக்கெட்காரர்கள் முப்பது நாற்பது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. "யக்கா, அந்தக் கடைக்குப் போலாமா, வேணாமா?" என்று அதில் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்தக் கஃபேவைப் பற்றியும் முதலில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவசர சாப்பாட்டுக்கு ஏற்ற இடம், வயிறு கனக்கவில்லை, காரம் வேண்டுமென்றால் மிளகாய்த்தூள் கிண்ணம் தனியாக வைத்திருக்கிறார்கள், பெண்கள் தனியாகப் போய் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றெல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

மற்ற மாதங்களில் ஆட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் புரட்டாசி முழுக்க முட்டைகூடத் தொட மாட்டேன். மகளின் கல்யாணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்கிய விரதம், அது முடிந்த பிறகும் விடவில்லை. அதனால் வரிசையில் நிற்கும்போதே, "சைவம் எது?" என்று கேட்டேன். "எல்லாமே சைவந்தான் மேடம்" என்றாள் அந்தப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னதாக ஒரு சிலுவை. சிவப்பாகத் தக்காளிச் சாறு ஊற்றியிருந்த பாஸ்தாவைக் காட்டினேன். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை.

நான்கு வாய் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாவது வாயில், கரும்பழுப்பாக, நீளமாக, இழுத்துக் கடிக்கிற மாதிரி ஒரு துண்டு. கடித்ததும் எண்ணெயும் உப்புமாக ஒரு சாறு இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. கறி! நிச்சயமாகக் கறி! காகிதக் கைக்குட்டையில் துப்பினேன். முள்கரண்டியில் இன்னொரு துண்டைக் குத்தித் தூக்கிப் பார்த்தேன். அதே நிறம், அதே நார்.

அந்தப் பெண் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் மீதியை எழுதுவதில் அர்த்தமில்லை. அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தேன். 'இவங்களுக்கு என்னா தெரியப்போவுது புரட்டாசியப் பத்தி' என்று மனசுக்குள் ஓடியது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. துண்டைப் படம் பிடித்தேன். தட்டை அப்படியே விட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அலுவலகத்துக்கு நடந்துகொண்டே எழுதினேன்.

'புரட்டாசி மாதத்தில் சைவம் என்று சொல்லிக் கறியைப் போடுகிறார்கள். விரதத்தைக் கெடுத்துவிட்டார்கள். சிதம்பரத்துக்காரியான என் நாக்கை ஏமாற்ற முடியாது. யாரும் போகாதீர்கள்.' ஒரே ஒரு நட்சத்திரம், படத்துடன். அதையே ரயில் குரூப்பிலும் போட்டேன். மாலை வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

மறுநாள் காலை ரயிலில் எனக்கு ராஜ மரியாதை. ஜன்னலோர இருக்கையை எழுந்து கொடுத்தார்கள். "நல்ல வேளை சொன்னீங்க யக்கா, எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு அங்கதான் சாப்புட்டுக்கினு இருந்தாங்க" என்றார் கீரப்பாளையத்திலிருந்து வருகிறவர். என் பதிவு எந்தெந்த குரூப்புக்கோ போய்விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தெரு வழியாகப் போனேன். கடை திறந்திருந்தது, ஆள் இல்லை. அந்தப் பெண் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். 'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சனிக்கிழமை காலை. புரட்டாசி சனி என்பதால் வீட்டில் இட்லிக்குக் கொத்சு. சிதம்பரத்தில் பிறந்தவளுக்குக் கொத்சு வைக்கத் தெரியவில்லை என்றால் ஊரை விட்டே போக வேண்டியதுதான். கத்திரிக்காயை நீளவாக்கில் நறுக்கி, தோலோடு எண்ணெயில் போட்டு வதக்கிக்கொண்டிருந்தேன். செல்போன் விடாமல் சிணுங்கியது. என் விமர்சனத்துக்குக் கீழே புதிதாக வேறு பலர் எழுதியிருந்தார்கள். எனக்கும் அன்றைக்கே சந்தேகம் வந்தது என்று ஒருவர். எனக்குக் கிடைத்த துண்டில் எலும்பே இருந்தது என்று இன்னொருவர். பெருமையாகப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பை மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கத்திரிக்காய் முழுக்கச் சுருங்கிக் கரும்பழுப்பாகியிருந்தது.

வாசனைக்கு வந்த என் வீட்டுக்காரர் வாணலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "என்னா இது, கறி கணக்கா இழுக்குது? சனிக்கிழமையும் அதுவுமா என்னா பண்ணி வெச்சிருக்க?" என்று சிரித்தார்.

நானும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். அதே இழுவை. அதே எண்ணெய், அதே உப்பு. புதன்கிழமை என் வாயில் இருந்தது இதுதான். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை கத்திரிக்காய் நறுக்குகிற கை, அதைக் கறி என்று ஊருக்கே சொல்லியிருக்கிறது. அந்த எலும்பு கண்டுபிடித்த மகராசன் கத்திரிக்காயில் எலும்பைப் பார்த்திருக்கிறார்! சிரிப்பு வர வேண்டிய இடம். எழுந்து அடுப்பை அணைத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "நீ அவுங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழித்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் நான்கைந்து முறை அந்த இடம் வரைக்கும் போயிற்று. ஆனால் கரண்டியோடு நின்ற அந்தப் பெண் கண்ணிலேயே இருந்தாள். அழித்தால் நான் தப்பித்துக்கொள்வேன், அவள் கடைக்கு ஆள் வருமா?

திங்கட்கிழமை மதியம் போனேன். எட்டு மேசையும் காலி. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. தட்டை எடுத்து நீட்டினாள். நான் வாங்காமல், "போன புதன்கிழம கறின்னு எழுதுனது நான்தாம்மா" என்றேன். எவ்வளவோ யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அது கத்திரிக்கான்னு முந்தாநாளுதான் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. நீட்டிய தட்டைக் கண்ணாடி மேல் வைத்தாள். உள்ளே பார்த்து, "கொஞ்சம் இங்க வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அவர் உள்ளே போய், ஒரு தாம்பாளம் நிறையப் பொரித்து வடியவைத்திருந்த கத்திரிக்காயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உப்புப் பிசறி, தண்ணீர் விட்டபின் துடைத்துப் பொரிப்பது கப்பலில் ஓர் இத்தாலிக்காரரிடம் கற்றது என்றார். பெரிய சமாதானம்போல அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் உயர்ந்தது. "மூணு நாளா வர்றவுங்க வாசல்லயே நின்னு மோந்து பாத்துட்டுப் போறாங்க மேடம். கை கழுவுற எடத்துக்கு மேல என்னா ஒட்டியிருக்குது, பாருங்க."

பார்த்தேன். கை கழுவும் தொட்டிக்கு மேலே வெள்ளைக் காகிதம். 'புரட்டாசி முடியும் வரை எங்கள் சமையலறையில் அசைவம் சமைப்பதில்லை.' கொட்டை எழுத்தில், கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். புதன்கிழமை அதற்கு நேர் கீழே நின்றுதான் கை கழுவியிருக்கிறேன். புரட்டாசியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன் அல்லவா? எனக்காகத்தான், என்னைப் போன்றவர்களுக்காகத்தான் ஒரு மாதம் அடுப்பையே மாற்றி வைத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பவே அழிச்சிடறேம்மா" என்று செல்போனை எடுத்தேன்.

"அழிக்காதீங்க. அழிச்சா, நாங்க யாரையோ புடிச்சு அழிக்க வெச்சோம்னு பேசுவாங்க. அங்கயே உண்மைய எழுதுங்க. உங்க பேரோட எழுதுங்க" என்றாள். ஐந்து நட்சத்திரமாக மாற்றிவிடுகிறேன் என்றேன். "ஸ்டாரெல்லாம் வேணாம் மேடம். நடந்தத எழுதுனா போதும்."

அந்தக் காலி மேசையில் உட்கார்ந்து, அவள் பார்க்கவே எழுதினேன். நான் கறி என்று சொன்னது கத்திரிக்காய். கொத்சு ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இந்தக் கடையில் புரட்டாசி முழுக்க அசைவமே சமைக்கவில்லை. மேலே இருக்கிற ஒற்றை நட்சத்திரம் கடைக்கு இல்லை, எனக்கு. படித்துப் பார்த்துவிட்டு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதையே ரயில் குரூப்பிலும் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பெட்டியில் ஏறியதும் கீரப்பாளையத்துக்காரர் தொடங்கினார். "யக்கா, இன்னைக்கு டிபன் பாக்ஸ்ல என்னா? மட்டன் கத்திரிக்காயா?" பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், காது மட்டும் சுட்டது. அன்றைக்கு ஜன்னலோர இருக்கையை யாரும் எழுந்து கொடுக்கவில்லை. அன்று அப்படி, இன்று இப்படிச் சொல்கிறாயே, எதை நம்புவது என்று என் வயதுக்காரி ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் இன்றுவரை அந்தக் கடைக்குப் போகவில்லை. "என்னை நம்ப வேணாம், வந்து பாத்து நீங்களே சொல்லுங்க" என்று மற்றவர்களைக் கூப்பிட்டேன். புதன்கிழமை நான்கு பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒன்பது பேர்.

பழைய கூட்டம் வர ஐப்பசி முடிந்துவிட்டது. கத்திரிக்காயைக் கறி என்று சொன்ன பெண்மணியின் கதையைப் படித்துவிட்டு, அந்தக் கத்திரிக்காயைத் தின்று பார்க்கவே சிலர் வந்ததாகக் கேள்விப்பட்டேன். இப்போது கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு கூடையில் முழுக் கத்திரிக்காய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் என் கொத்சுவை ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பல்காரர் ருசித்துவிட்டுப் புளி கொஞ்சம் குறையலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் எங்கேயும் எழுதவில்லை.

அந்தப் பெண் ரொம்ப நாள் என்னை மேடம் என்றேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒரு தள்ளிவைப்பு இருந்தது, அது நியாயமும்கூட. தை மாதம் ஒரு மதியம், நல்ல கூட்டம். என் முறை வந்ததும் தட்டில் புதிதாக ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "யக்கா, இது என்னான்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவள் முகத்தில் குறும்பு. அன்றைக்குத்தான் 'மேடம்' போய் 'யக்கா' வந்தது. தட்டைப் பார்த்தேன், உண்மையிலேயே தெரியவில்லை. "தெரியலம்மா. நீயே சொல்லு, என்னா இது?" என்றேன்.

மூன்றடி தூரத்தில் நின்றவளிடம் அந்தப் புதன்கிழமை நான் கேட்டிருக்க வேண்டியது இவ்வளவுதான். இப்போதெல்லாம் முன்னால் இருப்பது சாப்பாடானாலும் சரி, மனுஷரானாலும் சரி, நட்சத்திரம் போடுவதற்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன்.