டிஹொமிர் ஊருக்குப் போன இருபத்திரண்டு தடவை

ஜெர்மன் வரித் துறையின் கோப்புகளைப் பார்த்தால், டிஹொமிரைப் போன்ற ஒரு கணவன் குரோஷியா முழுக்கச் சலித்தாலும் கிடைக்க மாட்டான். வயது ஐம்பத்திரண்டு. ஸ்டுட்கார்ட்டில் கட்டடங்களுக்கு ஜிப்சம் பலகை பொருத்தும் வேலை. மனைவி நெவெங்கா, ப்ரோட் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பள்ளிக்கூடச் சமையலறையில். நடுவே இரண்டு மூன்று நாட்டு எல்லைகள். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வரிக் கணக்குக் காட்டும் நாளில், இருவரும் ஒரே தாளில் ஒட்டி உட்கார்ந்துவிடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கணக்குக் காட்டினால் வரி குறையும். கல்யாணத்தின் பயன்களில் டிஹொமிருக்குத் தவறாமல் கிடைத்துவந்தது இது ஒன்றுதான்.

கணக்கு எழுதித் தருபவர் கோர்தானா. அவரும் குரோஷியாக்காரர்தான், ஆனால் வேடிக்கைக்குச் சொன்னதைக்கூட வாக்குமூலமாக எழுதிக்கொள்ளும் பெண்மணி.

"போன வருஷம் எத்தன தடவ ஊருக்குப் போனீங்க?"

போனது இரண்டு தடவை. ஈஸ்டருக்கு ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சல். அதாவது, காய்ச்சல் என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தான்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்?"

"போக்குவரத்துச் செலவுக்கு வரிக் கழிவு உண்டு. அதோட, ரொம்பக் கம்மியாப் போயிருந்தா, நீங்க பிரிஞ்சு வாழுறீங்களான்னு கேப்பாங்க. பிரிஞ்சிருந்தா சேர்ந்து கணக்குக் காட்ட முடியாது."

கண்ணாடிக்கு மேலாக அவர் பார்த்த பார்வையில் டிஹொமிருக்குக் காது சுட்டது. இரண்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இருபத்திரண்டு" என்றான். கூடுதலான இருபதைப் பணத்துக்காகச் சொல்லவில்லை, மானத்துக்காகத்தான் சொன்னான். பணம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"நெடுஞ்சாலையில காசு கட்டின சுங்கச் சீட்டு இருக்கா?"

"இருக்கு."

இருந்தது, மாட்டோவிடம். அறைத்தோழன் மாட்டோ கல்யாணமாகாதவன்; ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிடுவான். அதே ப்ரோட் வழி. அம்மாவைப் பார்க்கப் போனதற்கெல்லாம் அரசாங்கத்திடம் கழிவு கேட்க அவனுக்குக் கூச்சம். காரின் டாஷ்போர்டைத் திறந்தால் சீட்டுகள் மடியில் கொட்டும். கூச்சமில்லாத டிஹொமிர் பொறுக்கிக்கொண்டான்.

மற்ற ஆண்டுகளில் கையெழுத்துப் போட வேண்டிய கடைசிப் பக்கம் மட்டும் நெவெங்காவுக்குத் தபாலில் போகும். இந்த ஆண்டு கோர்தானா, கையெழுத்துப் போடுகிறவருக்கு எதற்குப் போடுகிறோம் என்று தெரிய வேண்டாமா என்று, சுங்கச் சீட்டுகளின் நகல் உட்பட மொத்தக் கட்டையும் அனுப்பிவிட்டார். நெவெங்காவுக்கு ஜெர்மன் தெரியாது. அடுத்த வீட்டுப் பேரோவுக்குத் தெரியும். முப்பது வருஷம் அங்கே உழைத்துவிட்டு வந்தவர், தெருவுக்கு வரும் ஜெர்மன் தாள்களையெல்லாம் இலவசமாகப் படித்துச் சொல்வார். தெருவுக்கே கேட்கும்படி படிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் போன் வந்தது.

"நீ ரொம்ப நல்ல புருஷனாமே! பேரோ சொல்றார். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பொண்டாட்டியப் பாக்க வந்துடுறியாம்."

"நெவெங்கா, அது வந்து..."

"நவம்பர் இருபத்திமூணு, சனிக்கிழமை காலையில ப்ரோட் சுங்கச் சாவடில காசு கட்டியிருக்க. அன்னிக்கு நம்ம வீட்டுல என்ன விசேஷம்?"

பன்றி அறுப்பு. அந்தப் பக்கத்தில், சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். பன்றி அறுக்கிற நாளில் வீட்டு ஆம்பிளை இல்லையென்றால் மன்னிப்பு கிடையாது.

"முதலாளி லீவு தரலன்னு சொன்ன. பேரோகிட்ட கெஞ்சிக் கூத்தாடிக் கத்தியக் கையில குடுத்தேன். அவர் நம்ம பன்னிய அறுத்துக்கிட்டிருக்கார், நீ இங்க பக்கத்துல காசு கட்டிட்டு எங்கய்யா போன? எவ அவ?"

"எவளும் இல்ல! சத்தியமா நான் வரவே இல்ல!"

மனைவியைப் பார்க்கத் தான் வரவேயில்லை என்று மனைவியிடமே சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய நிலைமை எத்தனை கணவன்மார்களுக்கு வாய்க்கும்? டிஹொமிர் போனை மாட்டோவின் கையில் திணித்தான்.

"நெவெங்கா அக்கா, எங்கம்மா மேல ஆணை, அது என்னோட சீட்டு. இவன் மேல சந்தேகமே படாதீங்க. எங்கயும் போகல. ஒவ்வொரு வாட்டியும் 'வாடா'ன்னு கூப்பிடுவேன், முன்சீட்டு சும்மாதான் கெடக்கும். அன்னிக்கெல்லாம் வேலையே கெடையாது, எல்லாருக்கும் லீவு. இவன் போர்வைய இழுத்துத் தலையோட மூடிக்கிட்டு 'நீ போய்ட்டு வா'ன்னுடுவான்."

நண்பனின் மானத்தைக் காப்பாற்றிய பெருமிதத்தோடு மாட்டோ போனைத் திருப்பிக் கொடுத்தான்.

டிஹொமிர் அதைக் காதில் வைத்தான்.

"அப்ப யாருமே இல்லியா?"

"யாருமே இல்ல."

"நான் இப்ப யாரத் திட்டறது? கட்டிலையா?"

வைத்துவிட்டாள்.

டிஹொமிர் காரணம் தேடிப் பார்த்தான். முதுகுவலி, பனி, நீண்ட சாலை. ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்கு உண்மை. முதல் தடவை போகவில்லை. அடுத்த தடவை, போன தடவை வராததற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வெட்கம், போகவில்லை. அதற்கடுத்த தடவை வெட்கம் இரண்டு மடங்கு. போகாத வெட்கமே போகவிடாமல் படுக்கையில் அமுக்கி வைத்திருந்தது. இதைப் போனில் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் கோர்தானாவிடம் போய் நின்றான். "இருபத்திரண்ட ரெண்டாக்கிடுங்க மேடம்."

"மிச்சம் இருபது எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அதான் விஷயம்."

கோர்தானா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எண்ணைத் திருத்தினார். சீட்டுகளைத் திருப்பித் தந்தார். பிறகு தாய்மொழியில் ஒற்றை வரி தட்டெழுதி நீட்டினார்: 'நாங்கள் பிரிந்து வாழவில்லை.' "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அவங்க மனசாரப் போடணும்."

வெள்ளிக்கிழமை மாட்டோவின் முன்சீட்டு நிரம்பியது.

நெவெங்கா கதவைத் திறந்தாள். தட்டில் வைத்து ஒரு சின்னக் கிளாஸ் ரக்கியாச் சாராயத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சாப்பாட்டு மேசையில் காரமான மீன் குழம்பு. அதன் முன்னால் தங்க விளிம்பு போட்ட தட்டு. பாதிரியாரும் டாக்டரும் வந்தால் எடுக்கிற தட்டு.

"சாதாத் தட்டு போதுமே."

"அது வீட்டுல இருக்கறவங்களுக்கு."

அவன் தாளை எடுத்து வைத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"இது நெசமா?"

"கோர்தானா மேடம்தான் இப்படி எழுதணும்னு..."

"நான் அவங்களக் கேக்கல."

டிஹொமிர் குழம்பையே பார்த்தான். "தெரியல" என்றான். "நெசமாகணும்னு இருக்கு."

நெவெங்கா தாளை மடித்து ரொட்டிக் கூடைக்கு அடியில் செருகினாள்.

"இன்னிக்குப் போட்டா, இதுவும் அந்த இருபதோட சேர்ந்துடும். அடுத்த தடவ வந்து கேளு. அப்பவும் இதே தட்டுதான். அதுக்கப்புறம் பாக்கலாம்."

அவன் சாப்பிட்டு முடித்தான். எழுந்துபோய்த் தட்டைத் தானே கழுவினான். இடப்பக்க அலமாரியைத் திறந்தான், மாவு. வலப்பக்கத்தைத் திறந்தான், மருந்துப் புட்டிகள். நெவெங்கா நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல், நீர் சொட்டும் தட்டோடு டிஹொமிர் தன் வீட்டுச் சமையலறை நடுவில் நின்றான்.