வலது பக்கத்து சுவிட்ச்

அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையோ வலது கைக்காரர்களுக்கென்றே கட்டியது. மிக்ஸி சுவிட்ச் மேடைக்கு வலது பக்கம் இருந்தது. அம்மா வலது கையால் மிக்ஸி மூடியை அழுத்திக்கொண்டு, இடது கையைக் குறுக்கே நீட்டித்தான் அதைப் போடுவாள். "சனியன் பிடிச்ச சுவிட்ச்" என்று திட்டாமல் எங்கள் வீட்டில் சட்னி அரைபட்டதே இல்லை. "ஒரு நாள் இதையெல்லாம் இடிச்சுட்டு என் கைக்கு மாத்துறேன் பாரு" என்பாள்.

நான் நாலாவது படிக்கும்போது அந்த நாள் வந்தது. அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ரத்தம் கம்மி, மருந்தால் முடி கொட்டுகிறது, திரும்ப வளர்ந்துவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நம்பினேன். இந்த நேரத்தில் வீட்டை இடிக்க வேண்டுமா என்று அப்பா முணுமுணுத்துப் பார்த்தார். அம்மா விடவில்லை.

வடபழனியிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். கையில் சாக்பீஸ்.

"சுவத்துல ஒயருக்குக் காடி வெட்டிட்டா அப்பால மாத்த முடியாதுக்கா. மிக்ஸி எங்க, குக்கர் எங்க, இப்பவே சொல்லிடு."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏங்க, மேடை முன்னாடி வந்து நில்லுங்க. வலது கையை நீட்டுங்க."

அவர் கை போய்த் தொட்ட இடத்தில் மிக்ஸிக்கு ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ரைஸ் குக்கருக்கு இன்னொன்று. பிறகு இண்டக்ஷன் அடுப்புக்குப் பெரிய பாயின்ட் ஒன்று கேட்டாள். கரண்ட் அடுப்பில் வைப்பதெல்லாம் ஒரு ரசமா என்று கேட்கிறவள்! "மறந்து போனாலும் தானா அணைஞ்சிடும்ல" என்றாள்.

"இன்னாக்கா, சாரா சமைக்கப் போறாரு?" எலக்ட்ரீஷியன் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவுக்குப் பால் காய்ச்சக்கூடத் தெரியாது. அம்மாவும் அப்பாவும் சிரிக்கவில்லை.

"நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கத்திவிட்டு அப்பா பால்கனிக்குப் போனார். அவர் முதுகு குலுங்கியது. தூசியில் இருமுகிறார் என்று நினைத்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலக்ட்ரீஷியன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஈரத்துணியால் குறிகளை அழித்து, எல்லாவற்றையும் இடது பக்கச் சுவரில் போட்டு வைத்தேன். அம்மா பார்த்துவிட்டுத் திட்டவில்லை. என் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கமே இருக்கட்டும்மா. உனக்குத்தானே?"

"எனக்கு எதுக்குடி கண்ணு?" என்றவள், இடது கையில் சாக்பீஸை எடுத்து, வலது பக்கத்தில் திரும்பவும் குறி போட்டாள்.

புது மேடையில் அம்மா சமைத்தது கொஞ்ச நாள்தான். இப்போது காலையில் அப்பா சட்னி அரைக்கிறார். சுவிட்ச் எங்கே என்று அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கை தானாகப் போகிறது. உப்பு மட்டும் இன்றுவரை கூடத்தான்.

குறி போட்ட அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை. அம்மா அவ்வளவு ஆசைப்பட்ட சமையலறையை அவர் பிடுங்கிக்கொண்டார் என்று கோபம். அதை வாங்கிக்கொள்ள மனசில்லாமல்தான் அவர் பால்கனியில் போய் நின்றார் என்று எனக்கு எப்படித் தெரியும்?