ஒரு மாதிரியா கீது

"நீ இன்னா பெருசா படிச்சுக் கிழிச்ச? எங்க வாயில வர்ற வார்த்ததான உன் வாயிலயும் வருது?" என்று எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கேட்டாள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேச்சில் தோற்பது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அன்று குடத்தை மட்டும் முன்னால் நகர்த்தினேன். "அம்மாக்கு எப்டி கீது?" என்று அவள் கேட்டதற்கு, "ஒரு மாதிரியா கீதுக்கா" என்று சற்று முன்தான் சொல்லியிருந்தேன்.

திருவொற்றியூரில், எங்கள் சந்தில், அந்த ஒரு சொல் எல்லாவற்றுக்கும் போதும். மாப்பிள்ளை குடிப்பான் என்று தெரிந்தால், 'பையன் ஒரு மாதிரி.' வயிற்றுவலியும் ஒரு மாதிரி, வாங்கிவந்த மீனும் ஒரு மாதிரி. நாளைக்கு யாராவது வந்து கேட்டால், "நான் எங்க அப்டி சொன்னேன்?" என்று கையை விரித்துவிடலாம். 'தெளிவின்மை' என்ற சொல்லைக் கல்லூரியில் படித்தபோது, அது எழுதுபவரின் குறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் சந்தில் அதை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

சந்துக்குப் பின்னால் இறாலை உறையவைக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. ஐஸ் கம்பெனி என்போம். சில காலைகளில் அங்கிருந்து அம்மோனியா கசியும். கக்கூஸ் வாடை போல மூக்கில் ஏறும், கண் எரியும். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சமைப்போம். போன மழைக்காலத்திலிருந்து அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது.

யாரோ புகார் செய்து ஓர் அதிகாரி வந்தார்.

"என்ன வாடைம்மா வருது?"

"ஒரு மாதிரியா வருது சார்" என்றாள் அம்மா.

"ஒரு மாதிரின்னா? மல்லிப்பூ மாதிரியா?"

"மல்லிப்பூன்னா உன்ன ஏன் நைனா கூப்புடறோம்? தலயில வெச்சுக்கினு போவ மாட்டோம்?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனார். அம்மா சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும்.

"அம்மோனியான்னு சொல்ல வேண்டியதுதானம்மா?" என்று வீட்டுக்குள் வந்து கேட்டேன்.

"சொன்னா உங்கப்பன நாளைக்கு உள்ள வுடுவானா?"

அப்பா அதே கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. பெட்டி தூக்குகிறார். சந்தில் பாதி வீட்டு ஆண்களுக்கு அங்கேதான் வேலை.

அடுத்த மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் வைத்தார்கள். டாக்டரம்மா கேட்டபோதும் அம்மா இழுத்து இழுத்து, "ஒரு மாதிரியா கீதும்மா" என்றாள். நான் குறுக்கே புகுந்தேன். "வூட்டுக்குப் பின்னால ஐஸ் கம்பெனி டாக்டர். அம்மோனியா கசியுது. அந்தக் காத்துலதான் இப்டி ஆச்சு." அம்மா என் கையை நகம் பதிய இறுக்கினாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் அப்பாவிடம், "அந்த அதிகாரிகிட்டயும் போய்ச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் கீது" என்றார்.

போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. நான் போனேன். என் பெயரைச் சொன்னேன், வாடையின் பெயரையும் சொன்னேன்.

அடுத்த வாரம் அப்பாவைக் கம்பெனி கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லை என்று சொல்லவில்லையாம். "கொஞ்ச நாள் போவட்டும், பாக்கலாம்" என்றாராம் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு என்னைத் திட்டக்கூட மூச்சு போதவில்லை. வாடை வருவதும் நிற்கவில்லை.

"இப்ப திருப்தியாடி?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அக்கா.

இல்லை. தினமும் காலையில் அப்பா கேட்டுக்குப் போவதும், அந்த ஒரே பதிலோடு திரும்புவதுமாக இருந்தார். இன்று அவரோடு நானும் போனேன்.

"பாக்கலாம்னா இன்னா சார்? வேல கீதா, இல்லியா? ஒண்ணு சொல்லு."

சூப்பர்வைசர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். நான் கேட்டுக்கு எதிரே, இறால் லாரிகள் திரும்பும் இடத்தில், வழியை மறித்து உட்கார்ந்தேன்.