நல்ல மழை பெய்த வருஷம்

புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிறவர்கள் சீசனுக்குத் துணி வாங்குமுன் நூறு சங்கதி விசாரிப்பார்கள். பிரேமலதாவுக்கு ஒரே விசாரணைதான். புரட்டாசியில் விதைப்பு மழை விழுந்ததும் பஸ் ஏறி, கடம்பூர்ப் பக்கம் இருக்கிற தன் பிறந்த ஊருக்குப் போவாள். அண்ணன் சங்கரபாண்டியின் புஞ்சையில் குத்தவைத்து, ஒரு குழி தோண்டி, கரிசலுக்குள் கையை விடுவாள். ஈரம் முழங்கை வரை இறங்கியிருந்தால் துணி வாங்கலாம். மணிக்கட்டோடு நின்றிருந்தால் அந்த வருஷம் அடக்கி வாசிக்க வேண்டியதுதான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் தைத்ததெல்லாம் சின்னப் பெண்பிள்ளைகள் போடுகிற கவுன். பங்குனி சித்திரையில் ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழா வரும். அதற்குப் புதுத்துணி எடுப்பதென்றால் அதற்குமுன் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டும். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண்ணுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? பல வருஷமாக அந்தக் கை பொய் சொன்னதில்லை. பிரேமலதா வீட்டு வாசலில் துணி வண்டி நின்றால் அடுத்த வாரம் தெரு முழுக்க வண்டி நிற்கும் என்கிற அளவுக்குப் பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் வரிசையாக மெசின்கள். தைக்கிற பெண்களில் சுடலைச்செல்விதான் முக்கியம். கழுத்தும் கையும் அவள் தைத்தால் பிரித்துத் தைக்கிற பேச்சே கிடையாது. புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில் உட்கார்த்தினால் போதும், தானாகத் தேறிவிடுவார்கள். யூனிட் தன் பேரில் ஓடினாலும் செல்வியின் கையில்தான் ஓடுகிறது என்பது பிரேமலதாவுக்கு நன்றாகத் தெரியும். செல்வியின் புருஷன் காளிராஜ் ஊரில் கொஞ்சம் மானாவாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் மழை கணக்காகப் பெய்தது. முழங்கை என்ன, தோள் வரைக்கும் ஈரம். பிரேமலதா சேற்றுக் கையைக் கழுவக்கூடச் செய்யாமல் துணிக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். வழக்கமாக வாங்குவதுபோல் இரண்டு பங்கு துணி. நகை அடகுக்குப் போனது. அவளைப் பார்த்துத் தெருவும் வாங்கியது. கார்த்திகை, மார்கழி முழுக்க மெசின் சத்தம் ஓயவில்லை.

மழை அவளை ஏமாற்றவில்லை. தை மாதம் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரை எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருந்தார்கள். முந்தின வருஷம் சோளத்துக்கு நல்ல விலை என்று எல்லாரும் அதையே விதைத்திருந்தார்கள், எல்லாருக்கும் விளைந்துவிட்டது. வியாபாரிகள் சோளக் குவியலான அம்பாரத்தைச் சுற்றி வந்து, போனால் போகிறது என்று ஒரு விலை சொன்னார்கள். அறுப்புக் கூலிக்கே கட்டாத விலை. காளிராஜ் பாதியைக் காட்டிலேயே விட்டுவிட்டான்.

கடைகளுக்குக் கவுன் எடுத்துப் போகிற கோவில்பட்டி வியாபாரி ஆறுமுகசாமி, பங்குனியில் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"வெள்ளாம எல்லா வீட்லயும் கெடக்கும்மா. துட்டுதான் ஒரு வீட்லயும் இல்ல" என்றார்.

பிரேமலதாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. மழை பொய்த்து ஊர் கெட்டால் அது நியாயம். விளைந்து கெடுவதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? கொட்டகையில் கவுன் கட்டுகள் கூரையைத் தொட்டன. தெருவில் எல்லார் வீட்டிலும் அதே கதைதான், அதற்கும் அவளைத்தான் வைதார்கள்.

பிரேமலதா செல்வியின் ஊர்க் கொடைக்குப் போயிருந்தாள். செல்வியின் மகள் போன வருஷத்துக் கவுனையே விளிம்பு பிரித்து இறக்கிப் போட்டிருந்தது. மறுநாளே கொட்டகையில் ஒரு கட்டைப் பிரித்து நல்லதாக ஒன்றை உருவி நீட்டினாள். செல்வி வாங்கவில்லை.

"எனக்கு இது வேண்டாம்க்கா. இத வித்து எனக்கு வேல குடுங்க."

எங்கே விற்பது? வாங்க வேண்டியவர்கள் எல்லாருமே செல்வி மாதிரிதான் இருந்தார்கள். வேலை பாதியாயிற்று, பிறகு அதில் பாதியாயிற்று. மற்றப் பெண்கள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் போனார்கள். அவர்கள் போனதும் எதிரே இருந்த டீக்கடை மூடிக்கொண்டது. செல்வி மட்டும் ஆடி வரை தாக்குப்பிடித்தாள். காளிராஜ் அதற்குமுன்பே திருப்பூர் போயிருந்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளும் கிளம்பியபோது பிரேமலதா பஸ் ஸ்டாண்டு வரை போய், மார்க்கெட் திரும்பினதும் முதல் போன் உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினாள். செல்வி தலையை ஆட்டினாள்.

மார்க்கெட் திரும்பத்தான் செய்தது. பட்ட அடியில் அடுத்த வருஷம் சோளம் விதைக்க ஆளில்லை. சரக்கு இல்லாததால் விலை ஏறியது. துணிந்து விதைத்த சிலரும், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் மாறியவர்களும் கைநிறையக் காசு பார்த்தார்கள். தேங்கின கவுன்கள் பாதி விலைக்குப் போய்க் கடைகளும் காலியாக இருந்தன. தையில் ஆறுமுகசாமி போனில் கேட்ட அளவுக்கு அவள் வாழ்நாளில் ஆர்டர் எடுத்ததில்லை. பத்து நாளில் பதில் வேண்டும் என்றார்.

அன்றைக்கே செல்வியைக் கூப்பிட்டாள். கூலியைக் கூட்டித் தருகிறேன், வீடு பார்த்து வைக்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். போனில் செல்விக்குப் பின்னால் மெசின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"பிள்ளைகள இங்கன பள்ளிக்கூடத்துல சேத்தாச்சுக்கா" என்றாள் செல்வி. "திரும்பவும் மார்க்கெட் விழாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கே வாரேன்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வாயில் வராத பொய்யா? ஆனால் பிரேமலதாவால் முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கோ என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பத்து நாளும் ஆள் தேடி அலைந்தாள். தெரு முழுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஆறுமுகசாமி ஆர்டரைத் திருப்பூருக்குக் கொடுத்துவிட்டார். தைக்க ஆளில்லாமல் கிடந்த மெசின்களை மாசியில் விற்றாள். தூத்துக்குடியிலிருந்து வாங்க வந்தவன் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்ல கண்டிஷனில் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டான்.

"ஏவாரம் இம்புட்டு நல்லா ஓடுத நேரத்துல போய் ஏன்க்கா விக்குதீங்க?" என்றான்.

பிரேமலதா வண்டியில் ஏற்ற ஒரு கை பிடித்தாள்.